விழுந்த உயரத்தைப் பார்க்காதீர்கள்

அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலை ஒட்டிப் போட்டிருக்கும் மேசைதான் என் இடம். வருகிறவர்களின் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு, நினைவு எல்லாவற்றையும் சட்டென்று பார்த்து, சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று பிரித்து உள்ளே அனுப்ப வேண்டும். சிவப்பு என்றால் அந்த நிமிடமே மருத்துவர் வர வேண்டும். பச்சை என்றால் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கலாம். லாரி மோதியவரை எங்கே அனுப்புவது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. என்னை யோசிக்க வைப்பவர், மகனின் தோளைப் பிடித்தபடி நடந்தே வந்து, "பாத்ரூமில் லேசாக வழுக்கிவிட்டது தாயி, வேறு ஒன்றுமில்லை" என்று சொல்லும் எழுபத்தைந்து வயதுப் பெரியவர்தான்.

திருநெல்வேலிச் சீமையில் ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். சாலை விபத்து என்றால் எங்கள் பிரிவே எழுந்து நிற்கும். 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் வந்த பிறகு, சாலையில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை தனியார் மருத்துவமனையில்கூட இலவசமாகக் கிடைக்கிறது. நல்ல காரியம். ஆனால் சொந்த வீட்டு முற்றத்தில் விழுந்த ஆச்சிக்காக யாரும் ஓடி வருவதில்லை. வீட்டாரும் அவசரப்படுவதில்லை, ஆட்டோக்காரரும் அவசரப்படுவதில்லை, உண்மையைச் சொன்னால் உள்ளே இருக்கும் எங்கள் ஆட்களும் அவசரப்படுவதில்லை. நின்ற இடத்திலிருந்து விழுந்தவருக்கு என்ன பெரிதாக ஆகியிருக்கப் போகிறது என்ற எண்ணம் எல்லோருக்குள்ளும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். விழுந்து இறப்பவர்களில் அதிகம் பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். அவர்களில் பெரும்பாலோர் மாடியிலிருந்து விழுந்தவர்கள் அல்லர்.

எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தார் என்று கேட்பதைவிட, விழுந்த உடம்பு எப்படிப்பட்டது என்று கேட்பதுதான் முக்கியம். எலும்பு தேய்ந்த உடம்பா, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் உடம்பா, எவ்வளவு நேரம் தரையில் கிடந்த உடம்பு, எதனால் விழுந்த உடம்பு?

அளவீடுகளே ஏமாற்றும். இரத்த அழுத்தம் 105 என்று கருவி காட்டினால் இருபது வயதுப் பையனுக்கு அது நல்ல எண். வீட்டில் எப்போதும் 150, 160 என்று இருக்கும் தாத்தாவுக்கு 105 என்றால் உள்ளே எங்கோ இரத்தம் கசிகிறதோ என்று பயப்பட வேண்டும். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர் அடிபட்டு வந்தால் மேல் அழுத்தம் 110-க்குக் கீழே இருப்பதையே அபாயமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இரத்தம் குறைந்தால் நாடி வேகமாக ஓடும் என்று படித்திருப்போம். நாடியை மெதுவாக்கும் அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்த ஓட்டமும் இருக்காது. அமைதியாக உட்கார்ந்திருப்பார். அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார் என்று நாமும் விட்டுவிடுவோம்.

எங்களிடம் அதிகம் வருவது இடுப்பு எலும்பு முறிவு. சரியாகச் சொன்னால் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி. ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து கிடப்பவரின் கால்மாட்டில் போய் நின்றாலே பாதி தெரிந்துவிடும். இரண்டு குதிகால்களையும் ஒட்டி வைத்துப் பார்த்தால் ஒன்று சற்று மேலே ஏறி நிற்கும். கட்டைவிரல்கள் இரண்டும் கூரையைப் பார்க்க வேண்டும். ஒன்று சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். கொலுசும் மெட்டியும் அணிந்த காலாக இருந்தால் இந்த வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆனால் எல்லா முறிவும் இப்படிக் காட்டிக் கொடுப்பதில்லை. சில நேரம் உடைந்த முனைகள் ஒன்றுக்குள் ஒன்று குத்திக்கொண்டு நின்றுவிடும். அப்படிப்பட்டவர் நடப்பார். நொண்டியபடி நடப்பார், ஆனாலும் நடப்பார். ஒரு ஆச்சி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரப் போய், நாற்காலி பின்னால் நகர்ந்து, தரையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். தொடை இடுக்கில் வலி. தைலம் தேய்த்தார்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள், பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் வந்து உருவியும் விட்டார். அந்த உருவலில்தான் ஒட்டிக்கொண்டிருந்த எலும்பு விலகியது. எங்களிடம் வந்தபோது ஒரு கால் குட்டையாகியிருந்தது. விலகாமல் வந்திருந்தால் இரண்டு மூன்று திருகாணிகளோடு முடிந்திருக்கக்கூடிய அறுவைச் சிகிச்சை, பந்துக் கிண்ண மூட்டின் பாதியையே மாற்றும் சிகிச்சையாக ஆனது. வயதானவர் விழுந்தபின் தொடை இடுக்கு வலிக்கிறது என்றால் யாரையும் உருவ விடாதீர்கள். அது தசைப்பிடிப்பாகவே இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்த பிறகு உருவிக்கொள்ளலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள், ஆனால் அம்மா காலை ஊன்றவே மறுக்கிறார் என்றால், அங்கேயே நின்று மறுபடி கேளுங்கள். மெல்லிய கீறல் எக்ஸ்ரேயில் விழாமல் போவது உண்டு. எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேனில்தான் அது தெரியும். "நின்று காட்டச் சொல்லுங்கள் டாக்டர், நிற்க முடியவில்லை" என்ற ஒரு வாக்கியம் போதும். மருத்துவரிடம் இப்படிச் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது.

இடுப்பு முறிவு என்று தெரிந்ததும் குடும்பத்துக்குள் ஒரு பேச்சு தொடங்கும். வராந்தாவில் நின்று பெரிய மகனும் சின்ன மகனும் மருமகனும் பேசுவார்கள். "இந்த வயதில் கத்தி வைக்க வேண்டுமா? படுக்கையிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாமே." பாசத்தில்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டால் கோபம் வரும். எண்பது வயதுக்காரரைப் படுக்கையிலேயே போட்டால் நுரையீரலில் சளி கட்டும், முதுகில் புண் வரும், காலில் இரத்தம் உறையும், சிறுநீரில் கிருமி சேரும். அறுவைச் சிகிச்சைக்கு வயதாகிவிட்டது என்று சொல்கிறார்களே, படுத்தே கிடப்பதற்குத்தான் அந்த உடம்புக்கு வயதாகிவிட்டது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல், சேர்த்த அன்றோ மறுநாளோ அறுவைச் சிகிச்சை நடந்துவிட வேண்டும் என்கிறது. நம் ஊரில் 48 மணி நேரத்துக்குள் முடிந்தால் நல்லது என்று எலும்பு மருத்துவர்கள் சொல்வார்கள். எல்லாம் சரியாக நடந்தாலும் இடுப்பு முறிந்தவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பதுதான் பல நாடுகளின் அனுபவம். வராந்தாப் பேச்சில் இரண்டு நாள் போனால், அந்த இரண்டு நாளையும் கொடுப்பவர் படுக்கையில் கிடப்பவர்தான். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்த்து எடுத்து வையுங்கள். அதைத் தேடி வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் அலைவதிலேயே ஒரு பகல் போய்விடும்.

வலியைப் பற்றியும் கேளுங்கள். வயதானவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். "வலிக்கிறதா ஆச்சி" என்றால் "இருக்கட்டும் தாயி" என்பார்கள். மயக்க மருத்துவர் இருக்கும் இடங்களில் தொடையின் மேல்பகுதியில் நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போடுகிறார்கள். அதைப் போட்ட பின் அதே ஆச்சி எக்ஸ்ரே மேசைக்கு மாற்றும்போது முனகாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து தலை. இங்கேதான் எனக்குப் பயம் அதிகம்.

வயது ஏற ஏற மூளை சற்றுச் சுருங்குகிறது. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. மூளையின் மேற்பரப்பிலிருந்து உறைக்குச் செல்லும் சிறு சிரைகள் அந்த இடைவெளியில் இழுபட்டு நிற்கின்றன. ஒரு குலுக்கல் போதும், கிழிந்துவிடும். தலை தரையில் மோத வேண்டும் என்றுகூட இல்லை. சிரையிலிருந்து கசிவது என்பதால் மெதுவாகத்தான் சேரும். இடைவெளி இருப்பதால் மூளையை அழுத்துவதற்கும் நாளாகும். விழுந்த அன்று பேசிச் சிரித்துக் காபி குடித்தவர், இரண்டு மூன்று வாரம் கழித்துச் சட்டையைத் தலைகீழாகப் போடுவார், நடை தள்ளாடும், வேட்டியிலேயே சிறுநீர் போய்விடும், பகலெல்லாம் தூங்குவார். வீட்டார் "வயசாகிவிட்டது, மறதி வந்துவிட்டது" என்பார்கள். ஒரு பக்கம் கை கால் தளர்ந்தால் பக்கவாதம் என்று முடிவுகட்டிக் கையில் இருக்கும் ஆஸ்பிரினைக் கொடுப்பவர்களும் உண்டு. உள்ளே இரத்தம் கட்டியிருக்கும்போது ஆஸ்பிரின் கொடுப்பது எவ்வளவு பெரிய வினை என்று சொல்லத் தேவையில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் பக்கவாதத்துக்கு மாத்திரை கிடையாது.

இதில் மனதைத் தேற்றும் செய்தியும் இருக்கிறது. அப்படிச் சேர்ந்த பழைய இரத்தத்தை மண்டையோட்டில் சிறு துளையிட்டு வடித்துவிட்டால் பலர் பழையபடி எழுந்து உட்கார்ந்து பேரனின் பெயரைச் சரியாகச் சொல்கிறார்கள். மறதி நோய் என்று வீட்டின் மூலையில் உட்கார வைத்திருந்தால் அது நடந்திருக்காது. அதனால், வயதானவர் ஒருவரிடம் புதிதாகத் தடுமாற்றம் தெரிந்தால் கடந்த இரண்டு மாதத்தில் எங்காவது விழுந்தாரா என்று யோசித்து, அதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால், எவ்வளவு சின்ன அடியாக இருந்தாலும், வீக்கம் இல்லாவிட்டாலும், நினைவு தப்பாவிட்டாலும் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். வார்ஃபரின், அசிட்ரோம், அபிக்சபான், ரிவரோக்சபான், டபிகாட்ரான் என்று பெயர்கள் பல. க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் இரண்டும் வேறு வகை என்றாலும் அவற்றையும் சொல்ல வேண்டும். இதய வால்வு மாற்றியவர், ஸ்டென்ட் வைத்தவர், இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர், முன்பு பக்கவாதம் வந்தவர் எல்லோரும் பெரும்பாலும் இவற்றில் ஒன்றைச் சாப்பிடுகிறவர்களே. பயந்துபோய் நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது. கடைசியாக எப்போது போட்டார் என்ற நேரத்தோடு வாருங்கள், மற்றதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

"என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்று நான் கேட்பேன். மஞ்சள் பை ஒன்று மேசைக்கு வரும். கவிழ்த்தால் கத்தரியால் வெட்டிய மாத்திரைத் துண்டுகள் விழும். இரண்டு மாத்திரை உள்ள துண்டு, மூன்று உள்ள துண்டு. பெயர் அச்சிட்ட பகுதி மருந்துக்கடைக்காரரின் பெட்டியிலேயே தங்கிவிட்டிருக்கும். என்னிடம் இருப்பது வெள்ளித்தாளும் பாதி எழுத்தும். "வெள்ளை மாத்திரை காலையில், சின்ன மஞ்சள் மாத்திரை இராத்திரி" என்பார் மகள். உலகத்தில் பாதி மாத்திரை வெள்ளைதான். இதற்கு ஆகும் செலவு ஒரு வெள்ளைத்தாள் மட்டுமே: மாத்திரைகளின் பெயர், அளவு, வேளை, எந்த நோய்க்கு என்று எழுதி, கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து, குடும்பத்தின் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிடுங்கள். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே அதுவும் கிடக்கட்டும். கடையில் துண்டாக வாங்கினால் பெயர் இருக்கும் முனையாகக் கேட்டு வாங்குங்கள்.

கழுத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெற்றியிலோ தாடையிலோ காயத்தோடு வரும் முதியவருக்குக் கழுத்தெலும்பின் மேல் பகுதியில், இரண்டாவது முள்ளெலும்பில், முறிவு இருக்கலாம். கழுத்து வலிக்கிறது என்றால் தலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லிச் சோதிக்காதீர்கள், சொடக்கு எடுக்காதீர்கள்.

விலா எலும்பு முறிந்தால் கட்டு எதுவும் கிடையாது, மாத்திரைதான் என்றதும் வீட்டார் அதைச் சின்ன விஷயமாக நினைத்துவிடுகிறார்கள். வலிக்குப் பயந்து முதியவர் ஆழமாக மூச்சு விட மாட்டார், இரும மாட்டார். சளி உள்ளேயே தங்கி நிமோனியா ஆகிவிடும். முறிந்த விலாக்களின் எண்ணிக்கை கூடக் கூட அபாயமும் கூடும். வலி மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள். வலி வந்தால் கொடுக்கலாம் என்று வைத்திருக்காதீர்கள். மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுத்திருப்பார்கள். அதைப் பத்தில் எட்டுப் பேர் ஊதிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். உள்ளிழுக்கும்போதுதான் பந்து ஏற வேண்டும். இருமும்போது ஒரு தலையணையை விலாவோடு அணைத்துக்கொண்டால் வலி குறையும்.

கையை ஊன்றி விழுந்தவருக்கு மணிக்கட்டு. அயர்லாந்து அறுவை மருத்துவர் கோலஸ் 1814-ல் விவரித்த முறிவு; அவர் பெயரிலேயே இன்றும் கேஸ் ஷீட்டில் எழுதுகிறோம். இதில் நான் சொல்ல வேண்டியது வளையல்களைப் பற்றி. வீங்குவதற்கு முன்பே வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். சோப்பு நுரை போட்டால் வரும். இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் நாங்கள் வெட்டத்தான் வேண்டியிருக்கும். ஐம்பது வருடம் கையில் கிடந்த பொன்வளையலை வெட்டும்போது அந்த ஆச்சி அழுவது எலும்புக்காக அல்ல. இன்னொன்றும் உண்டு. ஐம்பது, அறுபது வயதில் நின்ற இடத்தில் விழுந்து மணிக்கட்டு முறிந்தால், மாவுக்கட்டோடு கதை முடியவில்லை. எலும்பு மெலிந்துவிட்டது என்பதற்கு அது முதல் அறிகுறி. எலும்பு அடர்த்திப் பரிசோதனை வேண்டுமா, மருந்து வேண்டுமா என்று அப்போதே கேட்டால், பத்து வருடம் கழித்து இடுப்போடு எங்களிடம் வர வேண்டியிருக்காது. வாரம் ஒரு மாத்திரையாகவும், ஆண்டுக்கு ஒரு ஊசியாகவும் மருந்துகள் இருக்கின்றன. கேட்பவர் மிகக் குறைவு.

யாராவது விழுந்து வந்தால் நான் தவறாமல் கேட்கும் கேள்வி, தரையில் எவ்வளவு நேரம் கிடந்தார் என்பது. எங்கள் பக்கத்து வீடுகளில் பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். பெரியவர் தனியாக இருக்கிறார். இரவு பதினொரு மணிக்குக் கழிப்பறைக்குப் போகும்போது விழுந்தவரைக் காலையில் பால்காரர்தான் கண்டுபிடிக்கிறார். எலும்பு ஒன்றும் முறிந்திருக்காது. ஆனால் இரவு முழுக்க ஒரே பக்கமாகச் சிமெண்டுத் தரையில் கிடந்ததில் தசை நசுங்கிச் சிதைந்து, அந்தக் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் வரும். உடம்பு வறண்டு போயிருக்கும். அன்றைய நீரிழிவு மாத்திரையும் இதய மாத்திரையும் தவறியிருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் எழ முடியாமல் கிடந்தாலே அதைத் தனி நோயாக எடுத்துக்கொண்டு இரத்தம், சிறுநீர் இரண்டையும் சோதிக்க வேண்டும். கைப்பேசியை மேசையில் சார்ஜில் போட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போகிறவர்களுக்கு அது பயன்படாது. கழுத்தில் கயிறு கோத்து மாட்டிக்கொள்ளும் சாதாரண பொத்தான் கைப்பேசி இதற்கு உத்தமம். கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட வேண்டாம். தாழ்ப்பாளை உடைத்து உள்ளே போவதற்குள் கதவுக்குப் பின்னால் கிடப்பவரின் மேலேயே கதவு இடித்த கதையும் உண்டு.

காயத்தைப் பார்த்துக் கட்டுப்போட்டு அனுப்பிவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. ஏன் விழுந்தார்? "வழுக்கிவிட்டது" என்பது பல நேரம் பெரியவர் மரியாதைக்காகச் சொல்லும் காரணம். தலை சுற்றியது என்று சொன்னால் இனித் தனியாகக் கோயிலுக்கு விட மாட்டார்கள், வீட்டைப் பூட்டிச் சின்ன மகன் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு இருக்கிறது. அதனால் பிள்ளைகள் தண்ணீர் வாங்கப் போன நேரம் பார்த்து நான் தனியாகக் கேட்பேன். "தாத்தா, விழுவதற்கு முன்னால் கண் இருட்டியதா?" அப்போது உண்மை வரும். "எழுந்து நின்றேன் தாயி. அவ்வளவுதான் தெரியும்."

அப்படிச் சொன்ன ஒருவரைப் படுக்க வைத்து இரத்த அழுத்தம் பார்த்தேன், 140. நிற்க வைத்து மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார்த்தேன், 105. நின்றதும் 20 புள்ளி குறைந்தாலே அது நோய், இவருக்கு 35. பையைத் துழாவினால், சிறுநீர் நன்றாகப் போவதற்கென்று புராஸ்டேட்டுக்குப் புதிதாக ஒரு மாத்திரை. இரத்த அழுத்தத்துக்கு வேறொரு மருத்துவர் கொடுத்தது இரண்டு. தூக்கத்துக்குக் கடையில் தானாகவே வாங்கியது ஒன்று. ஒவ்வொன்றும் தனித்தனியே நல்ல மருந்துதான். எல்லாவற்றையும் இராத்திரி ஒன்றாகப் போட்டுவிட்டு, அதிகாலை மூன்று மணிக்குச் சிறுநீர் முட்டி எழுந்து நின்றால் எவர்தான் விழ மாட்டார்? டூட்டி டாக்டர் மாத்திரைகளை மாற்றி எழுதிக் கொடுத்தார். கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, கால்களை ஆட்டிவிட்டு, பிறகு எழச் சொல்லி அனுப்பினோம்.

சர்க்கரை இறங்கி விழுந்தவர்கள், உப்புச் சத்து குறைந்து விழுந்தவர்கள் (நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் பெண்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன்), இரத்தசோகையில் விழுந்தவர்கள், சிறுநீர்க் கிருமியால் இரண்டு நாளாகச் சோர்ந்து விழுந்தவர்கள், இதயத் துடிப்பு சில நொடி நின்று விழுந்தவர்கள் என்று காரணங்கள் நீண்டுகொண்டே போகும். விரல் நுனியில் சர்க்கரைப் பரிசோதனை, ஒரு ஈ.சி.ஜி., நின்றும் படுத்தும் இரத்த அழுத்தம், இரத்தத்தில் உப்பும் ஹீமோகுளோபினும்: இவ்வளவும் பார்த்தார்களா என்று வீட்டார் கேட்கலாம். முதியோர் மருத்துவத்துக்கென்று இந்தியாவிலேயே முதன்முதலில் தனிப் பிரிவு தொடங்கியது 1978-ல் நம் சென்னை அரசு பொது மருத்துவமனையில்தான். 2024-ல் கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மையமும் திறந்திருக்கிறார்கள். பெருமைதான். ஆனால் அம்பாசமுத்திரத்தில் விழுகிறவருக்குக் கிண்டி எட்டாது. என் மேசைக்கு வரும்போதே இந்தக் கேள்விகளைக் கேட்டாக வேண்டும்.

விழுந்தவரைக் கண்டதும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்துவதுதான் எல்லோரும் செய்வது. ஒரு நிமிடம் பொறுங்கள். பேசச் சொல்லுங்கள். தலை, கழுத்து, இடுப்பு எங்காவது வலிக்கிறதா என்று கேளுங்கள். வலித்தால் தூக்காமல், தலையையும் கழுத்தையும் அசைய விடாமல், போர்வை போர்த்தி 108-ஐ அழையுங்கள். எங்கும் வலி இல்லை, கை கால் எல்லாம் அசைகிறது என்றால் அவரையே ஒருக்களித்துப் புரளச் சொல்லி, முட்டி போட வைத்து, முன்னால் ஒரு கனமான நாற்காலியைப் போட்டு, அதைப் பிடித்து எழச் சொல்லுங்கள். படுத்திருப்பவர் வாயில் சோடாவும் காபியும் ஊற்றாதீர்கள். புரையேறும், அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் அதுவும் தள்ளிப்போகும். கிளம்பும்போது மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட் மூன்றையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். வார்டில் இரண்டாம் நாள் இரவு திடீரென்று குழம்பிப்போய் ஊசியைப் பிடுங்கி எறிந்து, செத்துப்போன அண்ணனைக் கூப்பிடும் முதியவர்களைப் பார்க்கிறோம். பேய் பிடித்துவிட்டது என்று திருநீறு கொண்டுவருவார்கள். பூசுங்கள், நான் தடுப்பதில்லை. கூடவே கண்ணாடியையும் மாட்டிவிடுங்கள். கண் தெரியாமல், காது கேட்காமல், வலியோடு, புது இடத்தில் கிடந்தால் எந்தப் புத்தியும் கலங்கும். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருப்பது பெரிய மருந்து.

வீட்டைப் பற்றி ஒரு பட்டியலே போடலாம், ஆனால் நான் கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறேன். கையில் துண்டுக் கம்பியோடு வந்தவர் ஒருவர். குளியலறையில் துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுந்திருக்கிறார். அது சுவரிலிருந்து பெயர்ந்து அவரோடு சேர்ந்து விழுந்திருக்கிறது. துண்டுக் கம்பி துண்டைத்தான் தாங்கும். ஆள் எடையைத் தாங்கும் கைப்பிடியைக் கொத்தனாரைக் கொண்டு சுவரில் இறக்கிப் பொருத்த வேண்டும். இன்னொன்று, வீட்டு வாசலில் பைக் ஏற்றுவதற்கென்று போடும் சறுக்குத்தளம். அதற்குப் பளபளப்பான கிரானைட் போடுகிற யோசனை யாருடையது என்று தெரியவில்லை. காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட வரும் ஆச்சி அதில்தான் கால் வைக்கிறார். சொரசொரப்பான சிமெண்டே போதும், அழகு குறைந்தால் குறையட்டும். அடிதேய்ந்த ரப்பர் செருப்பு, தரையில் புரளும் நைட்டி, கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவே எரியாத விளக்கு, கண்புரை அறுவைச் சிகிச்சையைத் தை மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது, எல்லாம் என் மேசையில் வந்து முடிந்திருக்கின்றன.

விழுந்து எழுந்த பிறகு நடையையே நிறுத்திவிடுகிறார்கள். "பேசாமல் ஒரு இடத்தில் உட்காருங்கள் அப்பா" என்று பிள்ளைகளும் அதட்டுகிறார்கள். உட்கார உட்காரத் தொடைத் தசை கரைந்து, அடுத்த முறை விழுவது இன்னும் எளிதாகும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுவதும் உட்காருவதும் நல்ல பயிற்சி. பக்கத்தில் ஆள் நிற்க, காலையும் மாலையும் முடிந்த அளவு செய்யட்டும். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். தனியாக இருக்கும் பெரியவருக்கு ஆலோசனையோ உதவியோ தேவையென்றால் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. அது ஆம்புலன்ஸ் எண் அல்ல, 108-தான் ஆம்புலன்ஸ்.

ஊன்றுகோல் கொடுத்து அனுப்பினால் பெரும்பாலோர் அதை வலிக்கிற கால் பக்கமே பிடிக்கிறார்கள். எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும்: வலது கால் பலவீனம் என்றால் கோல் இடது கையில், இரண்டும் ஒன்றாக முன்னே போக வேண்டும். கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்குக் கோலின் பிடி வர வேண்டும். தாத்தாவின் தாத்தா வைத்திருந்த தேக்குக் கோல் அழகாக இருக்கலாம், உயரம் பொருந்தாவிட்டால் அறுத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை கோலின் அடியைத் திருப்பிப் பாருங்கள். ரப்பர் குமிழில் இருக்கும் வரிகள் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தால் குமிழை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நடைக்கோல் விற்கும் மருந்துக்கடைகளில் தனியாகவே கிடைக்கும். பழைய குமிழை எடுத்துப் போனால் அளவு சரியாகப் பார்த்துக் கொடுப்பார்கள்.